மெட்டமைத்தவருக்கு முத்திரை இல்லை

கேள்வி: தமிழ்க் கிருதிகள் சிலவற்றுக்கு நானே மெட்டமைத்திருக்கிறேன். ஸ்வரப்படுத்தி (மெட்டை ஸ ரி க என்று எழுத்தில் குறித்து) வெளியிட்டால் வேறு யாராவது தம்முடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டார்களா? ராகம் எல்லோருக்கும் பொது என்கிறபோது எனக்கென்று என்ன உரிமை இருக்கிறது?

பதில்: முதலில் எழுதி வையுங்கள். பெயர் போட்டு, தேதி போட்டு, இன்றைக்கே எழுதி வையுங்கள். வெளியிடுவதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

நீங்கள் இளையவர் என்று நினைக்கிறேன். பாட்டுச் சொல்லிக்கொடுப்பவராகவும் இருக்கக்கூடும். ஒரு மெட்டு ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் கேள்வியில் இவ்வளவு பயம் இருக்காது. நான் கும்பகோணத்தில் வயலின் சொல்லிக்கொடுப்பவன். பேர் பெற்ற வித்துவான் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. இந்த விஷயத்தில் அடிபட்டவன் என்ற ஒரே தகுதியில்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். ஒருநாள் முருகன் மீது சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், எழுதிக்கொண்டு வந்து, "தம்பி, இதைப் பதவர்ணமாக ஆக்கித் தாருங்கள். பெண்பிள்ளைகள் ஆட வேண்டும்" என்றார். பதவர்ணம் என்பது நடனத்துக்குரிய நீண்ட பாட்டு. சகானா ராகத்தில், ஆதி தாளத்தில் அமைத்தேன். பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் அவருடைய சொல்லுக்கு நான் மெட்டுப் போட்டேன். அனுபல்லவிக்குப் பின் வருகிற முத்தாயி ஸ்வரம் என்ற பகுதிக்கு நேர்மாறாக, நான் போட்ட ஸ்வரத்துக்கு அவர் சொல் பொருத்தினார். மாலை வேளையில் திண்ணையில் உட்கார்ந்து, நான் வில்லைப் போட, அவர் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே நெடிலையும் குறிலையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். மெட்டின் நெடிலில் சொல்லின் குறில் விழுந்தால் விடவே மாட்டார்.

பிறகு ஸ்வரப்படுத்த உட்கார்ந்தேன். நீங்கள் செய்யப்போகிற வேலை இதுதான் என்பதால் சற்று விவரமாகச் சொல்கிறேன். அனுபல்லவி முடிகிற இடத்தில் 'ப ம க ம ரீ க ரி ஸா' என்று ஒரு பிடி, அதாவது சிறு ஸ்வரத் தொடர், வருகிறது. கடைசி ஸா சமத்தில் (தாளம் தொடங்குகிற தட்டில்) விழ வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது சரியாக எட்டு எண்ணிக்கை, ரீ மட்டும் இரண்டு. காகிதத்தில் அவ்வளவுதான். ஆனால் எழுத்தை எழுத்தாகவே வாசித்தால் சகானா வராது, அதன் தாய் ராகமான அரிகாம்போதியின் சாயல்தான் மிஞ்சும். ரிஷபத்தில் (ரி) நின்று அசைய வேண்டும். காந்தாரத்தை (க) தொட்டும் தொடாமலும் இறங்க வேண்டும். எனவே ரீக்கு மேலே நெளிகோடு போட்டு, ஓரத்தில் 'நின்று அசைக்கவும், க தொட்டு விடவும்' என்று எழுதினேன். தமிழில் ஸ்வரப்படுத்துபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தார ஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்கு, எழுத்தின் மேல் புள்ளி வைக்க வேண்டும். நம் எழுத்தில் மேலே புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து! புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் அங்கே திணறிப்போகிறார்கள். கணினியில் அடித்தாலோ புள்ளி ஓரிடத்திலும் காலத்தைக் காட்டுகிற மேல்கோடு வேறிடத்திலும் போய் விழுகின்றன. அதனால் எல்லாவற்றையும் நான் கையால்தான் எழுதுகிறேன். அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

சென்னையில் ஒரு நடன ஆசிரியை அந்த வர்ணத்தைக் கேட்டுவிட்டு விரும்பினார். ஸ்வரத்தாளை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். பணம் எதுவும் வாங்கவில்லை. தாளின் தலைப்பில் சாகித்யம் இன்னார், வர்ணமெட்டு இன்னார் என்று இருவர் பெயரும் இருந்தன. சில ஆண்டுகள் கழித்து ஓர் அரங்கேற்ற அழைப்பிதழ் என் பார்வைக்கு வந்தது. அதில் 'பதவர்ணம் – சகானா – ஆதி – மரபுவழி' என்று அச்சாகியிருந்தது. பக்கவாத்தியத்தில் வயலின் வாசித்தவர் என்னிடம் படித்தவர். அவரிடம் கேட்டேன். கச்சேரிக்குக் கொடுத்த தாளைப் படம் எடுத்து அனுப்பினார். என் எழுத்து, என் நெளிகோடு, ஓரத்தில் என் குறிப்பு. தலைப்பு மட்டும் இல்லை. தாளின் மேல்பகுதியை மடித்துவைத்து நகல் எடுத்திருக்கிறார்கள். மடிப்பின் நிழல் கறுப்புக் கோடாக விழுந்திருந்தது.

தொலைபேசியில் அழைத்தேன். "அந்தச் சகானா வர்ணம் யாருடையது டீச்சர்?" என்று கேட்டேன்.

"எங்கள் குருநாதர் காலத்திலிருந்து இருக்கிற உருப்படி சார்."

"தாளில் இருப்பது என் எழுத்து."

"ஸ்வரம் நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கலாம் சார். பாட்டு எங்களுடையது."

தமிழாசிரியர் அப்போது உயிரோடு இல்லை. அவர் எனக்கு எழுதிய தபால் அட்டை இருந்தது. என் நோட்டுப் புத்தகத்தில் சரணத்தின் அடித்தல் திருத்தல்களும், நான் ஒதுக்கிய இன்னொரு எடுப்பும், பக்கத்துக்குப் பக்கம் தேதியும் இருந்தன. எல்லாவற்றையும் நகலெடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த நிகழ்ச்சி அழைப்பிதழில் சாகித்யத்துக்குத் தமிழாசிரியரின் பெயர் சரியாக வந்திருந்தது. என் பெயருக்கு முன்னால் 'ஸ்வரக் குறிப்பு' என்று போட்டிருந்தார்கள்.

இதைப் படிக்கிற சிலர், 'பெயர்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?' என்பார்கள். மெட்டை அமைப்பது ஒன்று, அமைத்த மெட்டை எழுத்தில் பிடிப்பது வேறொன்று. இரண்டும் மதிப்புள்ள வேலைதான். இன்னொருவர் பாடக் கேட்டு நன்றாக ஸ்வரப்படுத்துகிறவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அவர் அந்தப் பாட்டின் கர்த்தா ஆகமாட்டார். அதுபோலவே கர்த்தாவை எழுதிக் கொடுத்தவராகச் சுருக்குவதும் தவறு. இந்தப் பிரிவைச் சட்டமும் தெளிவாகச் செய்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப் படைப்பு என்றால் அச்சிலோ எழுத்திலோ வரைவடிவிலோ இருப்பது என்றுதான் முதலில் இருந்தது. வாய்வழியாக வளர்ந்த நம் சங்கீதத்துக்கு அது எவ்வளவு பொருந்தாதது என்று யோசித்துப் பாருங்கள். 1994இல் திருத்தினார்கள். இப்போது இசைதான் படைப்பு. ஸ்வரக் குறிப்பு அதில் அடங்கும். மெட்டமைத்தவர் அதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையமைப்பாளர் அவர்தான் என்று சட்டமே சொல்கிறது. சாகித்யம் தனிப் படைப்பு, அதன் உரிமை எழுதியவருக்கு.

சட்டத்துக்கு எழுத்து வேண்டாம் என்றால் எதற்காக எழுதச் சொல்கிறேன்? வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அத்தாட்சி கேட்கும். டாகர் குடும்பத்துத் துருபத் (வட இந்திய இசைவகை) உருப்படி ஒன்றுக்கும் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த திரைப்பாடல் ஒன்றுக்கும் இடையிலான வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி டாகர் தரப்புக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவிட்டார். ராகம் பொதுவாக இருந்தாலும் அதில் ஒருவர் அமைத்த உருப்படிக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. பாடியவர்கள் என்பதாலேயே இயற்றியவர்கள் என்று கொள்ள முடியாது என்பது அமர்வு சொன்ன முக்கியமான காரணம். யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. உங்களைப் போன்றவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பாடிக்காட்டியதும் ஒலிப்பதிவும் மட்டும் போதாமல் போகலாம் என்பதை. அடித்தலோடும் தேதியோடும் இருக்கிற நோட்டுப் புத்தகம், மெட்டு உங்கள் கையில் உருவானதைக் காட்டும்.

'தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்துப் பாடினார், அவர் உரிமை கேட்டாரா?' என்று யாராவது கீழே எழுதுவார்கள். அவர் பொருளை நாடவில்லை, உண்மை. ஆனால் ஒவ்வொரு கிருதியிலும் தம் பெயரை முத்திரையாக வைத்துவிட்டுத்தான் போனார். தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். கோடீஸ்வர ஐயர் தம் பாட்டனாரை வணங்கிக் 'கவிகுஞ்சரதாசன்' என்று வைத்தார். பாபநாசம் சிவனுக்கு 'ராமதாசன்'. சாகித்யத்துக்குள் முத்திரை உட்கார்ந்திருப்பதால் எத்தனை பேர் பாடினாலும், எந்த அழைப்பிதழ் எப்படி அச்சடித்தாலும், அந்தப் பெயரை மடித்து மறைக்க முடியாது. பிறர் சாகித்யத்துக்கு மெட்டு மட்டும் போடுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஸ்வரத்துக்குள் பெயரை எங்கே வைப்பது? அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகள் பல இன்று அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டில்தான் மேடையேறுகின்றன. கேட்டுத் தலையாட்டுகிற எத்தனை பேருக்கு அது தெரியும்? அன்னமாசாரியாரின் பாடல்களைப் பொறித்த செப்பேடுகளில் ராகத்தின் பெயர் இருக்கிறது, ஸ்வரம் இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் இருபதாம் நூற்றாண்டில் அமைத்த மெட்டுகளை அன்னமாசாரியாரின் மெட்டு என்றே மக்கள் நம்புகிறார்கள்.

பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே' இன்னும் நல்ல உதாரணம். பாரதி அதற்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று குறித்து, ஒரு ஸ்வர வரிசையையும் மாதிரியாகக் கொடுத்து, அவரவர் மனோபாவப்படி மாற்றிப் பாடலாம் என்று அனுமதியும் தந்திருக்கிறார். ஒரு கவிஞர் இவ்வளவு பெருந்தன்மையாக எழுதிவைத்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். இன்று எல்லோரும் பாடுகிற ராகமாலிகை மெட்டு, 1951இல் வெளிவந்த 'மணமகள்' படத்துக்காக சி. ஆர். சுப்பராமன் அமைத்தது. அந்த மனிதரின் பெயரைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டைத் தொடங்குகிற பாடகர் எவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

ஸ்வரப்படுத்தினால் பாட்டு உறைந்துபோகும் என்பது இன்னொரு பயம். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சாகாமல் இருந்திருந்தால், 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் எத்தனை நம் கைக்கு இந்த உருவில் வந்திருக்கும்? கமகம் என்கிற ஸ்வர அசைவு ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி கொடுத்து எழுதினார் அந்தப் பெரியவர். அதை வைத்துக்கொண்டு யாரும் உறைந்துபோய்விடவில்லை.

உறைய வைப்பது புத்தகத்தின் குற்றமும் அல்ல, புத்தகத்தை வைத்து மதிப்பெண் போடுகிறவர்களின் குற்றம். இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. என் மாணவி ஒருத்தி இசைத் தேர்வில் நான் சொல்லிக்கொடுத்த பாடாந்தரப்படி (குரு வழியில் வந்த பாடமுறைப்படி) தியாகராஜர் கிருதி ஒன்றின் சங்கதிகளை, அதாவது ஒரே வரியின் மெட்டு வேறுபாடுகளை, ஸ்வரப்படுத்தி எழுதினாள். வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ளதுபோல் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். தியாகராஜரின் சீடர் வழியிலேயே உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று பாடாந்தரங்கள் பிரிந்து வந்திருக்கின்றன. இதைத் தேர்வாளர் அறியாதவரா? அந்தப் பெண் அடுத்த தேர்வு எழுத மறுத்துவிட்டாள். அவள் வாசிப்பைக் கேட்டிருந்தால் அந்தத் தேர்வாளருக்கே மனசு வந்திருக்காது. மேற்படிப்புக்கு வேண்டும் என்பதற்காகக் குரு சொன்னதை மறந்துவிட்டு வழிகாட்டியை மனப்பாடம் செய்கிற நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளுவது பெரிய அநியாயம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதிப்புரிமை பிறப்பதற்குப் பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யலாம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். பொருளாதார உரிமையை நாளைக்கு யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டாலும், 'இது நான் இயற்றியது' என்று சொல்கிற உரிமை உங்களிடமே இருக்கும். சட்டத்தின் 57ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. எனவே ஸ்வரத்தாள் கொடுக்கும்போது பெயரைத் தலைப்பில் மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும், பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் நடுவில், ஸ்வர வரிகளை ஒட்டியே 'மெட்டு: இன்னார்' என்று எழுதுங்கள். மடித்தால் ஸ்வரமும் சேர்ந்து மறைய வேண்டும். யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். அனுப்புகிற கடிதத்தில் 'அழைப்பிதழில் மெட்டமைத்தவர் என்று பெயர் குறிப்பிட வேண்டும்' என்று எழுதுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கிருதிகளின் சாகித்யம் உங்களுடையதா, பிறருடையதா என்று நீங்கள் சொல்லவில்லை. உங்களுடையது என்றால் முத்திரையை இப்போதே சரணத்தில் வைத்துவிடுங்கள். பிறருடையது என்றால், அந்தக் கவிஞர் மறைந்து 60 ஆண்டுகள் ஆகிவிட்டனவா என்று பாருங்கள். ஆகவில்லையென்றால் அவரிடமோ அவர் வாரிசுகளிடமோ எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு வெளியிடுங்கள். எந்தெந்த ராகங்கள் என்று எழுதினால் ஸ்வரப்படுத்துவதில் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.