வைத்தியர் பதில்: ஆர்என்ஏ திருத்தத்துக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. டுஷென் தசைச் சிதைவு என்று சொல்லிவிட்டார்கள். நிலத்தில் இருந்து எழும்புவதென்றால் தொடையில் கையூன்றித்தான் எழும்புகிறான். ஆர்என்ஏவைத் திருத்தும் புரதம் வந்துவிட்டது, பணம் கட்டிப் பெயர் பதியலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பிரெட்னிசலோனை நிறுத்திவிட்டு அதற்குக் காத்திருக்கலாமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: பிரெட்னிசலோன் மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா. மாதக்கணக்கில் குடித்துவந்ததைத் திடீரென விட்டால் வாந்தி, மயக்கம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீடியோ முழுப் பொய் இல்லை. டிஎன்ஏ காணி உறுதி என்றால், ஆர்என்ஏ அதன் போட்டோகொப்பி. உறுதியில் கைவைக்காமல் கொப்பியில் பிழை திருத்தப் பார்க்கிறார்கள். நம் உடம்பிலேயே பூமிலியோ என்றொரு புரதம் இருக்கிறது. அதன் எட்டுத் துண்டுகளில் ஒவ்வொன்றும் ஆர்என்ஏவின் ஓர் எழுத்தைப் பிடிக்கும். துண்டுகளை மாற்றிக் கோத்தால் வேறு சொல்லைப் பிடிக்கும். அதோடு ஏடார் என்ற நொதியின் பகுதியை ஒட்டிவிட்டால், அங்குள்ள 'ஏ' எழுத்தைச் செல் 'ஜி' என்று வாசிக்கும். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் ஆர்என்ஏவில் நான்கே வகை எழுத்துகள் என்பதால், எட்டெழுத்தில் 65,536 சொற்கள்தான் அமையும். ஒரே சொல் எத்தனையோ கொப்பிகளில் வந்துவிடும். புரதம் தப்பான இடத்தில் போய் ஒட்டாமலிருக்க இன்னும் நீளமாகக் கோக்க வேண்டும். அப்புறம், கொப்பிகள் அழிந்து புதிதாக வந்துகொண்டே இருப்பதால், உடம்பு முழுக்க உள்ள தசைகளில் இந்தப் புரதமும் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு இது பொருந்துமா என்பது மரபணு அறிக்கையில் இருக்கிறது. டுஷெனில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மரபணுவில் ஒரு துண்டே காணாமல் போயிருக்கும். எழுத்தை மாற்றலாம், இல்லாத பக்கத்தை எப்படித் திருத்துவது? ஓரெழுத்துப் பிழையால் தசைக்கு வேண்டிய புரதத்தின் தயாரிப்பு பாதியில் நின்றுபோகும் சிலருக்குத்தான், அதுவும் பிழை வாகான எழுத்தில் இருந்தால்தான், இந்த வழி உதவக்கூடும். அறிக்கை கையில் இல்லாவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் விசாரியுங்கள். இந்த மரபணுப் பிழை தாய்வழியாகவும் வரக்கூடும் என்பதால், உங்களுக்குத் தங்கச்சி இருந்தால் அவரும் ஒருமுறை ஆலோசனை கேட்பது நல்லது.

பணம் கட்டச் சொன்னவருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். முறையான மருந்துச் சோதனையில் சேர்வதற்குப் பெயர்ப்பதிவுக் காசு வாங்குவதில்லை. இந்த நோய் இதயத் தசையையும் பாதிக்கும் என்பதால், அந்தக் காசு வருடாந்த இதய ஸ்கேனுக்கு உதவும். குதிகால் தசைநார் இறுகாமலிருக்க, இரவில் படுக்குமுன் மகனின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முழங்காலை நோக்கி மெதுவாக மடக்கிப் பிடியுங்கள். எவ்வளவு நேரம், எத்தனை தடவை என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தருவார்.