லீஃப் ஷட்டர் தடுமாறும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய ஹாசல்பிளாட் 500 சி/எம் கேமராவை 80 மி.மீ. லென்ஸுடன் வாங்கியிருக்கிறேன். 1/125, 1/250 வேகங்களில் எடுத்த நெகட்டிவ்கள் குறையின்றி வந்துள்ளன. ஒரு விநாடியில் வைத்தால் மட்டும் ஷட்டர் மூடத் தயங்குகிறது. சில சமயம் ‘கிர்’ என்ற ஓசை பாதியிலேயே நின்றுவிடுகிறது. இதழ்களின் மேல் ஒரு துளி எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். விடலாமா?

பதில்: கட்டாயம் விடாதீர்கள். லீஃப் ஷட்டர் என்பது லென்ஸுக்குள் இருந்து, திறந்து மூடி ஒளியை அளவாக விடும் அமைப்பு. அதன் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகரும் மெல்லிய உலோகத் தகடுகள். அவை உலர்ந்த நிலையில் இயங்குவதற்காகவே செய்யப்பட்டவை. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் போல, எண்ணெய் பட்ட இதழ்களும் ஒட்டிக்கொள்ளும். இப்போது மெதுவான வேகங்களில் மட்டும் இருக்கும் கோளாறு, பிறகு எல்லா வேகங்களுக்கும் பரவிவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி இதழ்களைச் சுட்டவில்லை. மிக விரைவான வேகத்தில் ஸ்பிரிங்கின் விசை இதழ்களைத் தடையின்றித் திறந்து மூடுகிறது. மெதுவான வேகங்களில், மூடும் கணத்தைத் தாமதப்படுத்துவதற்கென்றே ஒரு சிறிய பற்சக்கரத் தொடர் குறுக்கே வருகிறது. நீங்கள் கேட்கும் ‘கிர்’ ஓசை அதனுடையதே. பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்த லென்ஸில் அந்தச் சக்கரங்களின் மசகு காய்ந்து பசையாகிவிடுவதால்தான் ஓசை பாதியில் நிற்கிறது என்பது என் கணிப்பு.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும் முன் ஒன்றைக் கவனித்துவிடுங்கள். இந்தக் கேமராவில் மெதுவான வேகங்களைப் பயன்படுத்தும்போது, ஷட்டர் மூடும் வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பிலிமுக்கு முன்னால் இருக்கும் துணைக் கதவுகள் மூடிக்கொண்டு ஒளியைத் தடுத்துவிடும். லென்ஸில் எந்தப் பழுதும் இல்லாமலே நெகட்டிவ் வெளிறிப்போவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

பிறகு பின்புறமுள்ள பிலிம் பெட்டியை (மேகசின்) கழற்றிவிட்டு, அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுமையாகத் திறந்து, வெளிச்சமான ஒரு வெண்சுவரை நோக்கிக் கேமராவைப் பிடித்துப் பின்புறமாகப் பாருங்கள். இதழ்கள் எல்லாம் ஒருசேர விரிய வேண்டும். ஏதேனும் ஒன்று பின்தங்கினாலோ, மூடிய இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்புத் தெரிந்தாலோ, அது வேறு நோய். கைபேசியில் விநாடிக்கு 240 சட்டகம் பதியும் மெதுவியக்கக் காணொளி வசதி இருந்தால் இதையே அளந்தும் பார்க்கலாம்: ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 240 சட்டகங்களிலும், 1/30க்கு எட்டுச் சட்டகங்களிலும் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். 1/125க்கு இரண்டு சட்டகம்கூடத் தேறாது என்பதால், அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கு ஒளியுணரி பொருத்திய சோதனைக் கருவிதான் தேவை.

ஒரு விநாடி 1.2 விநாடியாக நீண்டால் வேறுபாடு கால் ஸ்டாப் அளவே (ஒளி இருமடங்கானால் ஒரு ஸ்டாப்). நெகட்டிவ் பிலிமில் அது கண்ணுக்குத் தெரியாது, ஸ்லைடு பிலிமில் ஒருவேளை தெரியலாம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் தாமதிக்கும் ஷட்டரைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படமெடுத்துவிடலாம். முறைக்கு முறை மாறும் ஷட்டரை எந்தக் கணக்காலும் நம்ப முடியாது. உங்களுடையது பாதியில் நிற்கிறது என்பதால், பிரித்துச் சுத்தம் செய்வதே வழி. லைட்டர் பெட்ரோலைச் செலுத்திக் கழுவலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அது பழைய பசையைக் கரைத்து இதழ்களின் மேலும் அபர்ச்சர் தகடுகளின் மேலும் கொண்டுபோய்ப் படிய வைக்கும். சில நாள் நன்றாக ஓடிவிட்டு லென்ஸ் மறுபடியும் நிற்கும்.

கேள்வி: இரட்டை லென்ஸ் கேமராவில் மின்னணு ஃபிளாஷ் வைத்து எடுத்த படங்கள் எல்லாம் இருண்டுவிட்டன. ஃபிளாஷ் மின்னியதைக் கண்ணால் பார்த்தேன். ஷட்டர் பழுதா?

பதில்: லென்ஸின் அருகே எம், எக்ஸ் என்ற குறிகளுக்கிடையே நகரும் சிறு நெம்புகோல் இருந்தால், அது எம்மில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஃபிளாஷ் பல்புகள் எரிந்து உச்ச ஒளியை அடைய ஏறத்தாழ 20 மில்லி விநாடி ஆகும் என்பதால், எம் நிலையில் பல்பை முதலில் பற்றவைத்துவிட்டு ஷட்டர் சற்றுப் பொறுத்தே திறக்கும். மின்னணு ஃபிளாஷோ அதற்குள் மின்னி ஓய்ந்துவிடும். நெம்புகோலை எக்ஸுக்கு மாற்றுங்கள். கேமராவின் பின்கதவைத் திறந்து, வெண்சுவரில் படும் ஃபிளாஷ் ஒளியை லென்ஸ் வழியே பார்த்தால், முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். வி என்ற குறியும் இருந்தால் அது தானியங்கித் தாமதத்துக்கானது, அதாவது பொத்தானை அழுத்திச் சற்றுக் கழித்துப் படமெடுக்கும் வசதி (செல்ஃப் டைமர்). பழைய ஷட்டர்களில் எளிதில் சிக்கிக்கொள்ளும் பகுதி அதுவே என்பதால், அதைத் தொடாமல் விடுவது நல்லது.

கேள்வி: புரோனிகா எஸ்க்யூ-ஏ கேமராவில் எந்த வேகத்தில் வைத்தாலும் ஒரே ஓசை கேட்கிறதே?

பதில்: அந்த லென்ஸ்களில் இருப்பது மின்னணுக் கட்டுப்பாட்டு ஷட்டர். பேட்டரி தீர்ந்தால் குமிழ் எதைக் காட்டினாலும் 1/500இல்தான் இயங்கும். புதிய 6 வோல்ட் பேட்டரி போட்டும் மாறவில்லையென்றால், லென்ஸும் கேமராவும் சேரும் இடத்திலுள்ள மின் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்துவிட்டு மீண்டும் பொருத்திப் பாருங்கள்.