கார் கேள்வி – பதில்: நாலாவது சுற்றில் பெடல் உள்ளே போனால்

கேள்வி: 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போனபோது நாலாவது சுற்றிலேயே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகி, பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்ததும் ஏறக்குறைய பழையபடி ஆனது. பெரிய பிரேக் கிட் போட்டால்தான் சரிவரும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சூட்டில் பெடல் உள்ளே போனது, ஆறியதும் திரும்பி வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் காரில் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. கொதித்தால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடியான காலிபருக்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும்; நீங்கள் மிதித்த மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பேட் சூடேறிக் கைவிடுவது வேறு கதை. அப்போது பெடல் கல் மாதிரி கெட்டியாக நிற்கும், கார் நிற்காது, கருகல் வாடை வரும். எது நடந்தது என்று தெரியாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

வெப்பக் கணக்கைப் பாருங்கள். ஓட்டுநரோடு 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 130 கிலோமீட்டரிலிருந்து 60க்கு இறங்கும்போது சுமார் 6 லட்சம் ஜூல் வெப்பம் வெளியே வர வேண்டும். இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. மூன்று நொடிக்குள், பெரும்பகுதி முன்சக்கர டிஸ்க் இரண்டிலும் இறங்குகிறது. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத்தில் புதிதாக 230 டிகிரியாவது தாங்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்தபின் அந்தக் கீழ்வரம்பு 155 டிகிரிதான். மூன்று வருடமாக மாற்றாத ஆயிலோடு டிராக்குக்குப் போனால் நாலு சுற்று தாங்கியதே பெரிது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஆயிலின் கொதிநிலை புதிதாக 312 டிகிரி. அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினால் முழுவதும் மாற்றிவிடலாம். ஆனால் டிராக் ஓட்டினால் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். டாட் 5 என்று போட்டிருக்கும் சிலிக்கோன் ஆயிலைத் தொடாதீர்கள், டாட் 5.1 வேறு, அது ஒத்துப்போகும்.

முதலில் ஆயில், அடுத்து முன்பக்க பேட். இந்த இரண்டையும் மாற்றிவிட்டு ஒரு டிராக் டே போய்ப் பாருங்கள். அப்போதும் சூடு மிஞ்சினால் பம்பரிலிருந்து டிஸ்க் நடுப்பகுதிக்குக் காற்றுக் குழாய் கொடுங்கள். பின்னிய ஸ்டீல் ஹோஸ் பெடலைக் கொஞ்சம் கெட்டியாக்கும், அவ்வளவுதான். சூட்டுக்கு அது மருந்தில்லை.

பெரிய கிட்டை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறோம்? சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கிறதென்றால், டயரைப் பூட்டும் பலம் உங்கள் பழைய பிரேக்குக்கே இருக்கிறது. அதற்கு மேல் நிற்கும் தூரத்தைக் குறைப்பது டயரின் வேலை. பெரிய டிஸ்க்கால் கிடைப்பது சூட்டை வாங்கிக்கொள்ளும் கூடுதல் இரும்பு. அதோடு வரும் தலைவலிகள்: காலிபர் பிஸ்டன் பெரிதானால் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் போதாமல் பெடல் ஆழமாகப் போகும், முன்பக்கம் மட்டும் பலம் கூடி, பின்பக்க டிரம் சும்மா கூட வரும், 15 அங்குல வீல் காலிபரில் இடிக்கும், வீலும் டயரும் தனிச் செலவு.

கேள்வி: டிராக்குக்கும் தினசரி ஓட்டத்துக்கும் ஒரே பேட் போதுமா? புது பேடை எப்படிப் பழக்குவது?
– வாசகர், மேலூர்

பதில்: முழுப் பந்தய பேட் வாங்காதீர்கள். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் மாட்டுத்தாவணி சிக்னலில் முதல் மிதிக்கு வழுக்கும், கீச்சிடும், டிஸ்க்கையும் அரைக்கும். ஃபெரோடோ டிஎஸ்2500 போல ரோட்டிலும் பிடித்து 500 டிகிரி வரை தாங்கும் நடுத்தர வகை போதும். தேய்ந்து பாதிக்குக் கீழே போன பேடோடு டிராக்குக்குப் போகாதீர்கள். பேட் மெலிந்தால் சூடு நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் ஏறும்.

பழக்குவது இப்படி: 100லிருந்து 30 வரை அழுத்தமாக, ஏபிஎஸ் துடிக்காமல், எட்டிலிருந்து பத்து முறை. நடுவில் அரை நிமிடம் ஓட்டம். எந்த முறையும் முழுசாக நிறுத்தக் கூடாது. முடித்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க்கில் பேட் பொருள் சீரான சாம்பல் படலமாகப் படிந்திருக்க வேண்டும். பழைய பேட் வேறு வகை என்றால் அதன் படலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். இதற்கு ரிங் ரோடு இடமல்ல, பின்னால் லாரி வரும். டிராக்கின் முதல் செஷனை இதற்கே ஒதுக்குங்கள்.

கேள்வி: பின்பக்க டிரம்மை டிஸ்க்காக மாற்றினால்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: ஹேண்ட் பிரேக், முன்பின் பங்கீடு, ஏபிஎஸ் மூன்றையும் கலைத்துவிட்டு, முன்பக்கம் சுமக்கும் வேலையில் சிறு பங்கைத்தான் மிச்சப்படுத்துவீர்கள். டிரம்மைச் சுத்தம் செய்து லைனிங் பாருங்கள், போதும். நாலு டிஸ்க் கட்டாயம் வேண்டும் என்றால் ஐ20 என் லைன் போலக் கம்பெனியிலிருந்தே அப்படி வரும் காரைத் தேடுங்கள்.

கேள்வி: ஓட்டை போட்ட டிஸ்க் நல்லதா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: பார்க்க அழகு. திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும்போது ஓட்டையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். சாதா டிஸ்க்கே வாங்குங்கள்.

கேள்வி: டிராக்கிலிருந்து வந்த பிறகு 80ல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. டிஸ்க் பெண்டு, லேத்தில் கொடுத்துச் சரிசெய்யலாம் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: பெரும்பாலும் பெண்டு இல்லை. கொதிக்கும் டிஸ்க்கோடு உள்ளே வந்து, பெடலை மிதித்தபடியே நின்றிருப்பீர்கள். பேட் பொருள் அந்த ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும், அந்தத் திட்டுதான் ஒவ்வொரு சுற்றிலும் உதைக்கிறது. மேலே சொன்னபடி ஒரு முறை மீண்டும் பழக்கிப் பாருங்கள், பல நேரம் போய்விடும். போகாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப் முகத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். ஏர் கன்னால் ஏறுக்குமாறாக முடுக்கிய வீல் போல்ட்டும் இதே ஆட்டத்தைக் கொடுக்கும். லேத் கடைசி வழி. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கடைந்தபின் அதற்குக் கீழே இறங்குமானால் புது டிஸ்க்தான்.

கேள்வி: பிரேக் குழாயிலுள்ள பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற வீட்டிலேயே ஏர் எடுக்கலாமா?
– வாசகர், கப்பலூர்

பதில்: இரண்டு பேர் இருந்தால் எடுக்கலாம். தொட்டியிலுள்ள பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிப் புதிதை ஊற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். உங்கள் கார் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஆயிலை வெளியேற்றும் திருகான நிப்பிளில் ரிங் ஸ்பானர் போடுங்கள், திறந்த ஸ்பானர் முனையை மழுக்கிவிடும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் கால் சுற்றுத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். அடிவரை போனால் மாஸ்டர் சிலிண்டர் சீல் வழக்கமாகப் போகாத அழுக்குப் பகுதியில் உரசிக் கிழியும். பத்து மிதிக்கு ஒரு முறை தொட்டியைப் பாருங்கள். அது காலியாகி ஏபிஎஸ் பிளாக்குக்குள் காற்று போனால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் வண்டியைக் கட்டி இழுக்க வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு இதே காரில் போய் இதே காரில் மதுரை திரும்ப வேண்டும். இன்சூரன்ஸ் உண்டா? என்ன எடுத்துப் போவது?
– வாசகர், திருநகர்

பதில்: பந்தயம், வேகச் சோதனை போன்ற உபயோகத்தை வழக்கமான கார் பாலிசி விலக்கியே வைத்திருக்கிறது. டிராக்கில் இடித்தால் உங்கள் செலவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கியில் பழைய பேட் ஒரு ஜோடி, திறக்காத ஆயில் ஒரு பாட்டில், போல்ட்டை அளவாக முடுக்கும் டார்க் ரெஞ்ச், இரண்டு மரக்கட்டை. ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூட்டைத் தணிக்க டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழலாம். மாலையில் கிளம்புமுன் வீலைக் கழற்றி உள்பக்க பேடைப் பாருங்கள். காலிபர் பின் இறுகியிருந்தால் வெளிப்பக்கத்தைவிட அதுதான் சீக்கிரம் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.