கைப்பிடி இல்லாத 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பீங்கான் கோப்பை என்று விற்கிறார்களே, ஏமாற்றா?

கைப்பிடி இல்லை என்பதற்காக ஏமாற்று என்று முடிவுகட்டாதீர்கள். அப்போது இங்கிலாந்தில் தேநீர்க் கோப்பைகள் நிறைய இப்படித்தான், சீனக் கிண்ணத்தைப் பார்த்துச் செய்தவை. கைப்பிடி காப்பிக் கோப்பைக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சாசர். இது தெரியாமல் என் மச்சான், "காது உடைஞ்ச கப்பையா காசு கொடுத்து வாங்கினீங்க?" என்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டார். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது.

அந்தக் கோப்பை நான் பர்மிங்காமில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் வாங்கியது. நாற்பது பவுண்ட். நீலத்தில் அச்சிட்ட படம்: படகில் நின்று மீனைத் தூக்கிக் காட்டும் ஒருவர், தள்ளி உட்கார்ந்து தூண்டில் போடும் இன்னொருவர். அடியில் பிறை மாதிரி ஒரு குறி. பிறை என்றால் வூஸ்டர், 1751இல் டாக்டர் ஜான் வாலும் கூட்டாளிகளும் தொடங்கிய ஆலை. மிதப்பாக வீடு வந்தேன்.

அப்புறம் விவரம் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். அவர் பிறையைப் பார்க்கவே இல்லை, மீனைப் பார்த்தார். வூஸ்டர் படத்தில் மீன் ஒல்லியாக நீளமாக இருக்கும், தூண்டில் நூல் நெளிந்து தொங்கும். என்னுடையதில் மீன் குட்டையாகக் கொழுத்திருந்தது, நூல் விறைப்பாக இருந்தது. பிறை என்று நான் நினைத்தது 'சி' எழுத்து. ஷ்ராப்ஷயரில் தாமஸ் டர்னர் நடத்திய காஃப்லி ஆலையின் குறி அது. சரி, அதுவும் 18ஆம் நூற்றாண்டுதானே! நான் ஏமாறவில்லை, பெயர்தான் மாறியது.

நீங்கள் விளிம்பை உற்றுப் பாருங்கள். செம்புத் தகட்டிலிருந்து மெல்லிய தாளில் அச்செடுத்து, அந்தத் தாளை ஒட்டித்தான் படத்தைக் கோப்பைக்கு மாற்றுவார்கள். தாளின் இரு முனையும் சேரும் இடத்தில் கரைக்கோலம் கொஞ்சம் பிசகியிருக்கும். பிறகு கோப்பையின் உள்ளிருந்து டார்ச் அடித்து, ஊடுருவி வரும் வெளிச்சத்தின் நிறத்தைப் பாருங்கள். வூஸ்டர் பெரும்பாலும் பச்சை சாயலாகத் தெரியும், காஃப்லி ஆரஞ்சு சாயலாக. நிறத்தை மட்டும் நம்பாதே என்று யாராவது வருவார்கள்; நானும் அதை மட்டும் நம்பச் சொல்லவில்லை.

அதில் நான் டீயும் குடித்திருக்கிறேன். திட்டுபவர்கள் திட்டலாம். இரண்டு ஆலையும் களிமண்ணோடு மாக்கல் சேர்த்தன, நம் கல்சட்டிக்கான அதே மாக்கல்தான். அதனால் சூடு தாங்கும் என்று பெயர். பெருவிரல் விளிம்பில், நடுவிரல் அடிவளையத்தில். அப்படிப் பிடித்தால் சுடாது.

சாசரைப் பற்றிக் கேட்காதீர்கள். வீடு மாறும்போது கூரியரில் அனுப்பி மூன்று துண்டாக வந்தது. இழப்பீடு கேட்டால் "வாங்கிய ரசீது" வேண்டுமாம். சந்தையில் கம்பளி விரித்து விற்றவரிடம் எந்த ரசீது? எட்டு மின்னஞ்சல் போட்டேன், எட்டுக்கும் ஒரே பதில்.

கோப்பையின் அடிப்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். மீன் இருந்தால் மீனையும்.