டிராக்டர் மெக்கானிக்குக்குப் படகு எஞ்சின் பயிற்சி தனியாகத் தேவையா?

கேள்வி: "வயது 23. பேராக்கில் செம்பனைத் தோட்ட ஒர்க்ஷாப்பில் டிராக்டர் பார்க்கிறேன். சிறு படகு எஞ்சின் வேலைக்கு மாற ஆசை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டுமா? டீசல் எஞ்சின் எல்லாம் ஒன்றுதானே?"

தம்பி, உங்கள் கடைசி வரியை நானும் 22 வயதில் சொல்லித் திரிந்தவன். அதனால்தான் வேலை முடிந்து வந்து குளிக்காமல்கூட உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தார். நான் தோட்ட ஒர்க்ஷாப்பில் டிராக்டரும் லாரியும். ஊரைச் சுற்றிச் செம்பனைதான். ஆனால் பெர்ணம் ஆற்றங்கரைக்குப் போனால் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கும். சம்பளம் பற்றாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெட்டிக்குக் கைவேலைக்குப் போனேன்.

ஒரு படகில் இன்ஜெக்டர் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்து முடித்து எஞ்சினை ஓட்டியபோது, பின்பக்கம் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் அடிப்பலகையைத் தாண்டி வெளியே போகிற இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டிராக்டரில் எங்கே ஒழுகினாலும் அது பழுது. யாரும் கேட்காமலே ஸ்பேனரை எடுத்து, ஷாஃப்ட்டைச் சுற்றிப் பேக்கிங் கயிற்றை அமுக்கிப் பிடிக்கும் கிளாண்டின் இரண்டு நட்டையும் நன்றாக இறுக்கினேன். சொட்டு நின்றது. பெருமையாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் படகை இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கிளாண்டைக் கழற்றினால் உள்ளே பேக்கிங் கயிறு கருகிக் கரித்துண்டாகக் கிடக்கிறது. ஷாஃப்ட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், பள்ளத்தில் மாட்டியது. ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிர வைக்கிறது, வழுக்கவும் வைக்கிறது. அதைத்தான் நான் நிறுத்தியிருக்கிறேன். பேக்கிங் எரிந்த பிறகு தண்ணீர் சொட்டாக அல்ல, கொட்டவே ஆரம்பித்திருக்கிறது. பம்பு ஓடியதால் தப்பித்தார்கள். தெக்கோங், அதாவது படகுத் தலைவர், என்னைத் திட்டவில்லை. "நாலு பேர் இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் முறையான பயிற்சிக்குப் போனேன். உங்கள் டிராக்டர் அனுபவம் வீணாகாது. டேப்பெட், இன்ஜெக்டர், ஃபில்டர் மாற்றிய பின் லைனில் காற்று எடுப்பது எல்லாம் அதேதான். புதிதாகப் படிக்க வேண்டியது உப்புத் தண்ணீரை. எஞ்சினைக் குளிர வைக்க அதை இழுக்கும் பம்பில் இம்பெல்லர் என்ற ரப்பர் இறக்கைச் சக்கரம் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே இறக்கை பிய்ந்துவிடும். புதியதைப் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் பயிற்றுநர் விடவில்லை. பிய்ந்த துண்டுகளை மேசையில் அடுக்கச் சொன்னார். ஒரு துண்டு குறைந்தது. அது, எஞ்சின் சூட்டை உப்புத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் எஞ்சின் மறுபடி சூடேறியிருக்கும். எஞ்சினில் மாட்டியிருக்கும் துத்தநாகத் துண்டும் டிராக்டரில் பார்க்காத ஒன்று. மற்ற உலோகத்தை விட்டுவிட்டு உப்புத் தண்ணீர் முதலில் அதைத் தின்னட்டும் என்றே வைத்திருக்கிறார்கள். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

"அனுபவமே போதும்" என்று கீழே சிலர் எழுதுவார்கள். ஜெட்டியில் சான்றிதழ் இல்லாமல் என்னைவிட நன்றாக வேலை செய்யும் சீன அண்ணன்கள் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் சின்ன வயதிலிருந்தே அப்பா பக்கத்தில் நின்று கற்றவர்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த இடத்தை யார் கொடுத்தார்கள்? நமக்குப் பயிற்சி நிலையம்தான் அந்த அப்பா.

கப்பல் அகாடமிக்குத்தான் போக வேண்டும் என்று பயப்படாதீர்கள். மலாக்காவில் இருக்கும் அலாம் என்ற கடல்துறை அகாடமி பெரிய கப்பலுக்கு ஆள் தயாரிக்கும் இடம். கப்பல் ஊழியர் பயிற்சிக்கான அனைத்துலக எஸ்.டி.சி.டபிள்யூ விதிப்படி பொறியாளர் சான்றிதழ் கேட்பது 750 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 1,000 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் கப்பல்களுக்கு. நம் ஆற்றுப் படகுகள் அதற்கு ரொம்பக் கீழே. டிப்ளோமா வேண்டுமென்றால் லூமுட்டில் மிமெட் என்ற கடல்சார் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. உங்களுக்கு முதலில் எஸ்.கே.எம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் போதும், மூன்றாம் நிலை வரை எடுங்கள். வேலை செய்த வருஷங்களுக்கு ஆதாரம் காட்டி, வகுப்புக்குப் போகாமலே எஸ்.கே.எம் எடுக்கும் பிபிடி வழியும் உண்டு. ஆனால் படகுக்கு அந்த வழி வேண்டாம். காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது டிராக்டர் அனுபவம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. எங்கள் ஊரில் வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பரிசளிப்பு நடக்கும். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம் தேர்வில் எத்தனை ஏ என்று எண்ணி மாலை போடுவார்கள். நான் எஸ்.கே.எம் மூன்றாம் நிலை முடித்த வருஷம் அம்மா என் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனார். "இது கைவேலைதானே, லிஸ்டில் வராது" என்றார்கள். அம்மா அந்த உறையை மடியில் வைத்தபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தார். இப்போது அதே ஜெட்டியில் எஞ்சின் நின்றால் விடியற்காலை 4 மணிக்கும் எனக்குத்தான் போன் வருகிறது. என்னோடு வேலை செய்யும் இரண்டு பையன்களும் தோட்டத்துப் பிள்ளைகள். இருவரும் எஸ்.கே.எம் படிக்கிறார்கள், கட்டணம் நான் கட்டுகிறேன்.