ஆறு வாரம் நின்ற கார் ஒரு பக்கம் படுத்துக் கிடக்கிறதே!

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். போன வருசம் கொச்சியில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் ஏர் சஸ்பென்ஷன் உள்ள சொகுசு கார் வாங்கினேன். மகன் வீட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டு ஊர் திரும்பினால், பின்பக்க இடதுபுறம் டயரை மட்கார்டு மூடுகிற அளவுக்கு வண்டி இறங்கிக் கிடக்கிறது. அனுப்பிய போட்டோவைப் பார்த்தே, கம்ப்ரசரும் நாலு பெல்லோஸும் மாற்றணும், மூன்று லட்சம் ஆகும் என்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில். மாற்றிவிடலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: இப்போது ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். காற்று எங்கே கசிகிறது என்று போட்டோவில் தெரியாது.

ஆம்னி பஸ்ஸைத் தாங்குகிற அதே ரப்பர் பெல்லோஸ்தான், அதாவது காற்றுப் பைதான், உங்கள் காரிலும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கிறது. அதற்குக் காற்றடிக்கிற பம்ப்தான் கம்ப்ரசர். வாரக்கணக்கில் நின்றால் நல்ல வண்டியிலும் காற்று கொஞ்சம் குறையும். நாலு பக்கமும் ஒரே சீராக இறங்கியிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஒரு மூலை மட்டும் தரையைத் தேடுகிறது என்றால், அந்த பெல்லோஸிலோ, அதற்குப் போகும் டியூபிலோ, வால்விலோ கசிவு இருக்கிறது.

முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள். பல வண்டிகளில் நிற்கும்போதும் கன்ட்ரோல் யூனிட் அவ்வப்போது விழித்து உயரத்தைச் சரிபார்க்கும். ஆறு வாரத்தில் பேட்டரி சோர்ந்திருக்கும், பேட்டரி சோர்ந்தால் கம்ப்ரசரும் ஓடாது. அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, வண்டி முழுசாக எழும்பும்வரை காத்திருங்கள். படுத்த நிலையில் ஓட்டினால் டயர் மட்கார்டில் உரசும், பெல்லோஸ் மடிப்பு நசுங்கிக் கிழியும். கீழே குனிந்து கையை விடவே வேண்டாம், வண்டி திடீரென்று இறங்கலாம்.

எழும்பியதும் இன்ச் டேப்பை எடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து, நாலு அளவையும் எழுதி வையுங்கள். சமதரையில் நிறுத்தி, ராத்திரி அளந்ததை விடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரே ராத்திரியில் இடது பின்புறம் விரல்கணக்கில் இறங்கியிருந்தால் கசிவு பெரிது. மூன்று நாலு நாளாகியும் அசையவில்லை என்றால் கசிவு சின்னது, அவசரமில்லை.

கசிவு இருந்தால், உங்கள் கண்முன்னே வண்டியைத் தூக்கி, பெல்லோஸின் மடிப்பிலும் டியூப் மூட்டிலும் சோப்புத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். கசிகிற இடத்தில் நுரை பொரிந்து பொரிந்து வரும். அதைப் பார்த்தபின் விலை பேசுங்கள். பெல்லோஸ்தான் போயிருக்கிறது என்றால், பின்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நியாயம், இரண்டுக்கும் ஒரே வயதுதானே. முன்பக்கம் எதற்கு? கம்ப்ரசர் எதற்கு? வண்டியை அது ஒழுங்காக எழுப்புகிறது என்றால் அதில் கை வைக்கவே வேண்டாம். ஆனால் கசிவைச் சரிசெய்யாமல் விட்டால், ஓயாமல் ஓடி ஓடி அது எரிந்துபோகும். இதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் பாதிதான்.

வியாபாரி மேல் புகார் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விற்கும்போதே இருந்த குறையை மறைத்தார் என்பதைக் காட்ட முடிந்தால், நீங்கள் குடியிருக்கும் நெல்லை மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொச்சிக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. காலக்கெடு 2 ஆண்டு. வண்டி வாங்கி ஒரு வருசம் ஆகிவிட்டதால், ரப்பர் தானாகவே தேய்ந்தது என்று அவர் சொல்வார், அதை உடைப்பது சுலபமில்லை. அவர் எழுத்தில் கொடுத்த வாரண்டியோ, 'சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அழிக்காதீர்கள். பேசிப் பார்க்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

வேலை கொடுக்கும்போது எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பழைய பெல்லோஸை உங்களிடம் தரச் சொல்லுங்கள். அடுத்த தடவை மகன் வீட்டுக்குப் போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, வாரம் ஒருமுறை கால் மணி நேரம் வண்டியை ஓடவிடச் சொல்லுங்கள். எலி டியூபைக் கடித்திருக்கிறதா என்றும் அப்படியே அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.