கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறங்கள்

கேள்வி: திருப்பூரில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவரை மாமா வாங்கிக் கொடுத்தார். ஐ5 4590, 16 ஜிபி ரேம். ஜிடிஏ 5, வேலரண்ட் விளையாட ஆசை. லீவு நாட்களில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து 18,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். தெரிந்த அண்ணன் ஒருவர் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டை 6,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கடையில் புது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியைக் காட்டுகிறார்கள், கையில் இருப்பது அதற்குச் சரியாகப் போய்விடும். எதை வாங்குவது?

பதில்: தம்பி, நீங்கள் கேட்காத ஒரு பொருளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. அந்த டவரில் இருப்பது 290 வாட். கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி ஒயர் அதில் வராது. சரி, வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிக்கொள்ளலாம் என்றால், அந்த மதர்போர்டு வழக்கமான 24 பின்னில் கரண்ட் வாங்குவதில்லை, 8 பின்தான். கன்வெர்ட்டர் ஒயர் தேடி அலைய வேண்டும்.

இனி கணக்கைப் பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். ஆர்எக்ஸ் 580 கேட்பது 185 வாட். மிச்சம் 110 வாட் ஒயர் வழியாகத்தான் வர வேண்டும். “ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றித் தருகிறோம், 150 ரூபாய்தான்” என்று யாராவது சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். அதில் 110 வாட் இழுத்தால் என்ன ஆகும் என்பதை என் பழுது பார்க்கும் மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் உருகி, மஞ்சள் ஒயர் கருகி, சில சமயம் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து போய்விட்டிருக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கண்ணீரோடு தூக்கிக்கொண்டு வருவார்கள்.

580 மோசமான கார்டு அல்ல. 2017இல் வந்தது, இன்றும் ஜிடிஏ 5ஐ நன்றாகவே ஓட்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ளவருக்கு 6,500 ரூபாயில் அது வேலைக்கு ஆகும். உங்கள் பெட்டிக்குத்தான் ஆகாது.

ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 2024 பிப்ரவரியில் வந்தது. 70 வாட்தான், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், ஒயர் வேண்டாம். கடையில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இதே பெயரில் 2022இல் வந்த 8 ஜிபி கார்டு வேறு, அது 130 வாட், அதற்கு ஒயர் கட்டாயம் வேண்டும். பில் போடுமுன் பெட்டியைத் திறந்து, கார்டின் மேல் ஓரத்தில் பவர் சாக்கெட் இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பழைய ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது. 2019இல் வந்தது, 4 ஜிபி, 75 வாட். பவர் சாக்கெட் இல்லாத மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டு விளையாட்டுக்கும் அது போதும். வேலரண்ட் கார்டைவிட ப்ராசஸரைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால் புது 3050தான். காரணம் வேகம் மட்டுமல்ல. உங்கள் ப்ராசஸர் 2014இல் வந்தது, இன்னும் இரண்டு வருடத்தில் வேறு கம்ப்யூட்டர் வாங்கத்தான் போகிறீர்கள். அன்றைக்கு இந்தக் கார்டைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், வாரண்டியும் கையில் இருக்கும். நின்றுகொண்டே துணி பார்த்துச் சேர்த்த பணம் அது. கெட்டால் திரும்பப் போய்க் கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

இன்னொன்று. மானிட்டரின் பின்னால் நீல நிற விஜிஏ மட்டும்தான் இருக்கிறதா? இந்தக் கார்டுகளில் விஜிஏ கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கார்டை மாட்டிவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறுவீர்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் குடும்பத் தலைவி. பையன் பிளஸ் ஒன். போன வருடம் ரைசன் 5 5600ஜி போட்டு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தோம். இப்போது கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று தினமும் நச்சரிக்கிறான். கடைக்காரர், “ஜிடி 730 4 ஜிபி போதும், 5,000 ரூபாய்” என்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஜிடி 730 2014இல் வந்த கார்டு. புது விளையாட்டுகளுக்கான டிரைவர் அதற்கு வருவது 2021இலேயே நின்றுவிட்டது. பெட்டியில் 4 ஜிபி என்று பெரிதாகப் போட்டிருக்கும், ஆனால் அது மெதுவாக ஓடும் பழைய டிடிஆர்3 மெமரி. உங்கள் வீட்டு 5600ஜி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைவிட வேகமானது. 5,000 ரூபாய் கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்வதாக ஆகிவிடும்.

பையனைக் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே ரேம் எத்தனை இருக்கிறது? ஒன்றே ஒன்று இருந்தால் கோளாறு அங்கேதான். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பயன்படுத்தும். ஒரே ரேம் இருந்தால் பாதி வழியை அடைத்துவிட்டது போல. அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்று வாங்கி, மதர்போர்டு புத்தகத்தில் காட்டியுள்ள ஸ்லாட்டில் போடுங்கள். வேலரண்ட், மைன்கிராஃப்ட் போன்றவை ஓடுவதில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

பிளஸ் டூ முடிந்த பிறகும் ஆசை இருந்தால் ஆர்எக்ஸ் 6600 பாருங்கள். 8 ஜிபி, 132 வாட், ஒரு 8 பின் ஒயர் போதும். அப்போது எஸ்எம்பிஎஸ் என்ன போட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அசெம்பிள் செய்பவர்கள் விலையைக் குறைக்க முதலில் கை வைப்பது அதில்தான். மேலே 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். பக்கத்து லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும், அதை 12ஆல் பெருக்குங்கள். 16 என்று இருந்தால் 192 வாட்தான். அதற்குள்தான் ப்ராசஸரும் கார்டும் பிழைக்க வேண்டும். இந்தப் பெருக்கலைப் பையனிடமே விடுங்கள். தன் கம்ப்யூட்டர் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை விளையாட்டில் கெட்டுப்போய்விடும் என்று நான் பயப்பட மாட்டேன்.

கேள்வி: கோவையில் ஐடி வேலை. பழைய ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி ஒன்று பேசி வைத்திருக்கிறேன். விற்பவர், “வீட்டில் கேமிங்குக்கு மட்டும் பயன்படுத்தியது” என்கிறார். மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் சம்பாதிக்க இரவு பகலாகக் கணக்குப் போடும் வேலை) ஓடியதாக இருக்குமோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 3060 வந்தது 2021 பிப்ரவரியில், கிரிப்டோ பித்து உச்சத்தில் இருந்த நேரம். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகள் தேவையில்லாத முறைக்கு மாறியது. இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. ஆகவே இருக்கலாம். ஆனால் மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. விவரமான மைனர் கரண்ட் பில்லுக்குப் பயந்து கார்டைக் குறைந்த வாட்டில்தான் ஓட்டியிருப்பார். சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது ஃபேன், காய்வது சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் பேடும், வெந்துபோவது மெமரி.

நேரில் போங்கள். பார்சலில் வாங்காதீர்கள். போகுமுன் விற்பவரிடம், “நான் வரும்வரை கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். சூடேறிய பின் ஒழுங்காக நடந்துகொண்டு, ஆறிய நிலையில் டிஸ்ப்ளே வராத கார்டுகள் உண்டு.

முதலில் கையில் வாங்கிப் பாருங்கள். சிப்பைச் சுற்றி, கார்டின் பின்புறம், பழுப்பாகப் பிசுபிசுப்பாகக் கறை இருந்தால் யாரோ ஹாட் ஏர் அடித்திருக்கிறார்கள். செத்த கார்டைச் சூடாக்கினால் உயிர் வரும், பத்து நாளோ இரண்டு வாரமோ ஓடும், விற்பதற்கு அது போதும். நான் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிச் செய்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். திருகுகளின் தலை தேய்ந்திருப்பதும் ஓர் அடையாளம், ஆனால் அதற்காகவே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவர் அக்கறையாகப் பேஸ்ட் மாற்றியிருக்கலாம், கேளுங்கள். கடலோர ஊர்க் கார்டு என்றால் பின்தகட்டில் துருவும், செம்புக் குழாயில் பச்சையும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். 3060 12 ஜிபியில் ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்ன அலகுகள்) 3584 இருக்க வேண்டும். இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2018இல் அக்கா மகனின் பிறந்தநாளுக்காக ஆன்லைனில் ஒருவரிடம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கினேன். பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் பளபளவென்று இருந்தன. டிரைவர் ஏறவே இல்லை. ஜிபியு-இசட்டில் பார்த்தால், 768 இருக்க வேண்டிய இடத்தில் 192. 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை (கார்டு தன் பெயரையும் விவரத்தையும் சொல்லும் உள் மென்பொருள்) மாற்றிப் புதுப் பெயர் எழுதியிருந்தார்கள். பின்னால் விஜிஏ துளை இருந்ததே, 1050 டிஐ சிப்புக்கு விஜிஏ கொடுக்கவே தெரியாதே என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பணம் திரும்பவில்லை. பணத்தைவிட, கேக் வெட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்த அந்தப் பையனின் முகம் இன்னும் மனதில் நிற்கிறது. இப்போது இத்தகைய கார்டுகளை ஜிபியு-இசட்டே போலி என்று எழுதிக் காட்டுகிறது. ஆர்எக்ஸ் 580 வாங்குகிறவர்களும் எண்ணைப் பாருங்கள், 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் 580 பெயரில் வரும் 570தான், விலையும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

அடுத்து ஓட்டம். நீங்கள் விளையாடும் விளையாட்டையே அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கார்டின் வெப்பத்துக்கும், சிப்பின் மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பத்துப் பதினைந்து டிகிரி இயல்பு. முப்பதைத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. பேஸ்ட் போட்டுச் சரிசெய்யலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். திரையில் கட்டம் கட்டமாக நிறம் தெறித்தாலோ, புள்ளிகள் மின்னினாலோ அது மெமரி. எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். நடுவே சத்தத்தை அணைத்துவிட்டு ஃபேனுக்குக் காது கொடுங்கள். கரகரப்புக் கேட்டால் ஃபேன் மாற்றும் செலவையும் கழித்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் எல்லாத் துளைகளிலும் ஒருமுறை ஒயரைச் செருகிப் பாருங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். “டெஸ்ட் செய்ய சிஸ்டம் இல்லை” என்றால், “உங்கள் ஊரில் ஒரு கடையில் போட்டுப் பார்க்கலாம், கட்டணம் நான் தருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மனிதர் வந்துவிடுவார்.

கேள்வி: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி புதிதாகவே மலிவாகக் கிடைக்கிறது. என்னிடம் பத்தாம் தலைமுறை ஐ3 இருக்கிறது. வாங்கலாமா? (தேனி வாசகர்)

பதில்: கூடாது. அந்தக் கார்டுக்கு மதர்போர்டோடு பேச நான்கு தடங்கள்தான். அந்தப் பாதை வேகமான பிசிஐ 4.0 ஆக இருக்கும் போர்டில் சமாளிக்கும், உங்களுடையது 3.0. பாதை பாதியாகச் சுருங்கும், 4 ஜிபி மெமரி நிரம்பியதும் விளையாட்டு விட்டுவிட்டு ஓடும். வீடியோ பதிவு செய்யும் என்கோடரும் அதில் இல்லை, யூடியூப் ஆசை இருந்தால் அதுவும் போச்சு. அதே காசுக்குப் பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் தேடுங்கள், ஆனால் அடுத்த பதிலையும் படித்துவிட்டு.

கேள்வி: சேலத்திலிருந்து எழுதுகிறேன். என் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் எல்லாவற்றையும் நன்றாக ஓட்டியது. புதிதாக வாங்கிய இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறது. கார்டு பழுதா?

பதில்: பழுதில்லை. 2024 டிசம்பரில் வந்த அந்த விளையாட்டுக்கு ரே டிரேசிங் (ஒளி செல்லும் வழியைக் கணக்கிட்டுக் காட்சியை வரைவது) செய்யும் பாகம் கார்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். 1660இல் அது கிடையாது, செட்டிங்ஸில் எதைக் குறைத்தாலும் பயனில்லை. 2025இல் வந்த டூம் தி டார்க் ஏஜஸும் அப்படித்தான். இரண்டுக்கும் குறைந்தபட்சமாகக் கேட்பது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600, இரண்டும் 8 ஜிபி. எனவே இனி 1660 வாங்குகிறவர்கள், பழைய விளையாட்டுகளும் ஆன்லைன் விளையாட்டுகளும் போதும் என்பவர்களாக மட்டும் இருக்கட்டும்.

நீங்கள் ஓடும் நிலையிலேயே அதை விற்றுவிட்டு, மேலே பணம் போட்டுப் பழைய 6600 எடுங்கள். 125 வாட்டிலிருந்து 132 வாட்டுக்குத்தான் போகிறீர்கள், எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டி வராது. விற்கும்போது பில்லையும் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்க வருகிறவர் காலேஜ் பையனாகத்தான் இருப்பான். அவன் கேட்காவிட்டாலும் உட்கார வைத்து அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள். இந்த இரண்டு விளையாட்டும் இதில் திறக்காது என்பதையும் பணம் வாங்குமுன் சொல்லிவிடுங்கள்.